விசாரிக்க வருகிறார்கள்... நாம் என்ன சொல்கிறோம்?



நான் அரியலூரில் இருக்கும் ஒரு சாதாரண குடும்பத் தலைவி. பிறந்த ஊர் பெரம்பலூர் பக்கம் ஒரு கிராமம். சின்ன வெங்காயமும் பருத்தியும் விளையும் மண். கல்யாணமாகி அரியலூர் வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. வீட்டுக்காரர் சிமென்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டார். கோலக் குறிப்பும் சமையல் குறிப்பும் எழுதி அனுப்பிப் பழக்கப்பட்ட கை இது. இன்று மனசில் ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பெண்மணிகள் வந்தார்கள். "அம்மா, இந்தத் தெருவுல மூணாவது வீட்டுப் பொண்ணைப் பையனுக்குக் கேக்கலாம்னு இருக்கோம். பொண்ணு எப்படிங்க?" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே திண்ணை. இதே கேள்வி. 1998-லும் இப்படித்தான் வந்து கேட்டார்கள். அன்று நான் சொன்ன பதில் ஒரு பெண்ணின் வாழ்க்கையையே புரட்டிப் போட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். 1995-ல் திருச்சி மாவட்டத்திலிருந்து பிரித்து பெரம்பலூரைத் தலைநகராக வைத்துத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். அப்போது அரியலூரும் அதில்தான் சேர்த்தி. (அரியலூர் தனி மாவட்டமாக நிலைத்தது 2007-ல்தான்.) கலெக்டர் ஆபீஸ் வந்ததும் பெரம்பலூரில் டைப்பிங், ஜெராக்ஸ் கடைகள் நிறைய வந்தன. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அப்படி ஒரு கடையில் வேலை கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய் வருவாள். அவள் பெயர் வேண்டாம், 'அந்தப் பெண்' என்றே சொல்கிறேன்.

ஐப்பசி மழை. ஒருநாள் ராத்திரி ஏழரைக்கு வரவேண்டியவள் பத்தரை மணிக்கு வந்தாள். அதுவும் ஒரு ஆளின் ஸ்கூட்டரில். அவள் அப்பா வாசலிலேயே நின்று கத்தினார். தெருவே எழுந்து வந்து பார்த்தது. நானும் ஜன்னல் வழியே பார்த்தேன்.

விஷயம் என்னவென்றால், வழியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. மழையில் எல்லோரும் ரோட்டில் நின்றிருக்கிறார்கள். அவ்வழியே வந்த ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், தன் மகள் வயசுப் பெண் தனியாக நிற்கிறாளே என்று ஏற்றிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார். இதை மறுநாள் காலையிலேயே டீக்கடையில் கேட்டுவிட்டு வந்து என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். அதே பஸ்ஸில் வந்த இரண்டு பேர் சொன்னார்களாம்.

ஆக, உண்மை எனக்குத் தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாசம் கழித்து மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்தார்கள். "பொண்ணு எப்படிங்க? ராத்திரி லேட்டா வரும்னு யாரோ சொன்னாங்களே?" என்றார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்ல பொண்ணுதாங்க... ஆனா அடுத்த வீட்டு விஷயம் நமக்கெதுக்கு? நமக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

இவ்வளவுதான். பொய் சொல்லவில்லை, பழி போடவில்லை. "நமக்கேன் வம்பு" என்று ஒதுங்கிக்கொண்டதாகத்தான் நினைத்தேன். ஆனால் அந்த "ஆனா" இருக்கிறதே, அது போதுமாயிருந்தது. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள். அந்த வரன் மட்டுமல்ல, அதற்குப் பிறகு வந்த வரன்களும் போயின. அவள் தங்கைக்கு வந்த இடம்கூட, "மூத்தவ விஷயம் ஒரு மாதிரியாமே" என்று நழுவியது.

இந்த நேரத்தில் என் அம்மாயி சொன்ன ஒரு சினிமாக் கதை எனக்கு ஞாபகம் வரும். அம்மாயி கல்யாணமான புதிதில் திருச்சிக்குப் போய்ப் பார்த்த படமாம். 'சேவாசதனம்'. 1938-ல் வந்தது. கே. சுப்ரமணியம் எடுத்த படம். பின்னாளில் பாரத ரத்னா வாங்கிய எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவுக்கு அதுதான் முதல் படம். கதாநாயகியின் கிழட்டுக் கணவராக நடித்தவர், நம் திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவை நிறுவிய எஃப்.ஜி. நடேசய்யர். வறுமையால் ஒரு சின்னப் பெண்ணைக் கிழவருக்குக் கட்டிக் கொடுக்கிறார்கள். அவர் அவள்மேல் சந்தேகப்பட்டு வீட்டை விட்டே துரத்திவிடுகிறார். கெட்டுப் போன பெயரோடு அலைந்து, கடைசியில் ஆதரவில்லாத பெண் குழந்தைகளை வளர்க்கும் பணியில் அவள் அமைதி காண்கிறாள். "எம்.எஸ். பாட்டுக்குப் போனேன்டி, கண்ணைத் தொடைச்சுக்கிட்டு வந்தேன்" என்பார் அம்மாயி.

அந்தப் படத்துக்கு மூலம் இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் நாவல். எழுதி நூறு வருஷத்துக்கு மேலாகிறது. அதைத் தமிழில் தந்தவர் தேசபக்தர் எஸ். சீனிவாச அய்யங்காரின் மகள் எஸ். அம்புஜம்மாள். பிற்பாடு அந்தக் கதையைத் தேடிப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் பதறியது.

நாவலில் அவள் பெயர் சுமன். அவள் செய்த குற்றம் என்ன? தெரிந்த வக்கீல் ஒருவர் வீட்டில் பாட்டுக் கச்சேரி. வக்கீலின் மனைவி இவளுக்குத் தோழி. போய்விட்டு ராத்திரி லேட்டாக வருகிறாள். புருஷன் கதவைச் சாத்திவிட்டான். அவள் அந்த வக்கீல் வீட்டுக்கே திரும்பிப் போகிறாள். வக்கீல் படித்தவர், ஊரில் சீர்திருத்தம் பேசுகிறவர், நல்ல மனுஷர்தான். ஆனால் 'இவளை வைத்திருந்தால் ஊர் என்னைப் பற்றி என்ன சொல்லும்?' என்று பயந்து அவரும் அனுப்பிவிடுகிறார். கடைசியில் அவளுக்குத் திறந்தது தாசி வீட்டுக் கதவு ஒன்றுதான். அதற்குப் பிறகு எல்லோரும் சொல்கிறார்கள், "பார்த்தாயா, நாங்கள் அப்போதே நினைத்தோம்!" என்று.

இரண்டு நல்ல வீட்டுக் கதவுகளும் சாத்திய பிறகு அல்லவா அவள் அங்கே போனாள்? கெட்டவள் என்று துரத்தினார்கள் என்று ஊர் சொல்கிறது. துரத்தியதால் அல்லவா கெட்டாள்? இதை யார் யோசித்தார்கள்?

இன்னொன்றும் அதில் உண்டு. சுமனின் தங்கைக்குக் கல்யாணம் கூடிவருகிறது. மாப்பிள்ளை ஊர்வலமே வந்துவிட்டது. பெண் சுமனின் தங்கை என்று தெரிந்ததும் வந்தவர்கள் திரும்பிப் போய்விடுகிறார்கள். அந்த மாப்பிள்ளை யார் தெரியுமா? சுமன் தாசி வீட்டில் இருந்தபோது மையல் கொண்டு அவள் மாடிப்படி ஏறிப் போய் வந்தவன்தான்! படி ஏறியவன் பெயர் கெடவில்லை. அந்தத் திசையையே பார்த்திராத தங்கையின் பெயர் கெட்டுவிட்டது. இதைப் படித்ததும் பக்கத்து வீட்டுத் தங்கைப் பெண்ணின் முகம்தான் என் கண்முன் வந்து நின்றது.

இது நம் நாட்டு வழக்கம் மட்டும்தானா என்றால், அப்படியும் இல்லை. 1920-ல் அமெரிக்காவில் கிரிஃபித் என்பவர் 'வே டவுன் ஈஸ்ட்' என்று ஒரு ஊமைப்படம் எடுத்தார். ஒரு பணக்காரன் பொய்க் கல்யாணம் செய்து ஏழைப் பெண்ணை ஏமாற்றுகிறான். குழந்தை பிறந்து இறந்துவிடுகிறது. அவள் ஒரு பண்ணை வீட்டில் வேலைக்குச் சேர்ந்து மானமாகப் பிழைக்கிறாள். அந்த ஊரில் வம்பு பேசித் திரியும் ஒரு அம்மாள், அவள் பழைய கதையைக் கொண்டுவந்து வீட்டுக்காரரிடம் போட்டுக் கொடுக்கிறாள். கொட்டும் பனியில் அவளை வெளியே போகச் சொல்கிறார் அவர். அப்போது அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்கிறாள். என்னைப் பற்றி இவ்வளவு விசாரித்தீர்களே, என்னை ஏமாற்றியவன் யார் என்று விசாரித்தீர்களா என்று. அவன் அங்கேயே, அதே சாப்பாட்டு மேஜையில், கௌரவ விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறான்!

பாருங்கள் சகோதரிகளே, கடல் தாண்டினாலும் கதை ஒன்றுதான். சேதி கொண்டுபோய்க் கொடுப்பவள் ஒரு பெண். விருந்துச் சாப்பாட்டில் உட்கார்ந்திருப்பவன் ஒரு ஆண். பனியில் நடப்பவள் இன்னொரு பெண்.

ஜெயகாந்தன் எழுதியது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1966-ல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை. மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண்ணை ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்துவிடுகிறான். அவள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுகிறாள். அம்மா முதலில் பதறி அடித்தாலும், அக்கம்பக்கம் தெரியாமல் அடக்கிக்கொண்டு, மகள் தலையில் தண்ணீரைக் கொட்டிக் குளிப்பாட்டி, உன்மேல் களங்கம் இல்லை என்று தேற்றி உள்ளே அழைத்துக்கொள்கிறாள். அந்தக் கதை வந்தபோது எவ்வளவு எதிர்ப்பு!

பிறகு அவரே அதைத் திருப்பிப் போட்டு ஒரு நாவல் எழுதினார். அந்த அம்மா அடக்கிக்கொள்ளாமல் கத்தி ஊரைக் கூட்டியிருந்தால்? அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. ஏ. பீம்சிங் படமாக எடுத்து 1977-ல் வெளிவந்தது. கங்காவாக நடித்த லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. அந்தக் கதையில் அண்ணன் தங்கையை வீட்டை விட்டுத் துரத்துகிறான். அவள் படித்து, உத்தியோகத்துக்குப் போய்த் தலைநிமிர்ந்தாலும் சொந்தக்காரர்களின் பார்வை மட்டும் மாறுவதே இல்லை.

இரண்டு கதையிலும் அதே மழை, அதே கார், அதே பெண். அவளுக்கு நடந்ததும் ஒன்றேதான். ஒரே வித்தியாசம், அக்கம்பக்கத்துக்காரர்கள் காதில் விழுந்ததா இல்லையா என்பது! அப்படியானால் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுப்பது எது? அவளுக்கு நடந்ததா? அல்லது நாம் பேசியதா? அக்கம்பக்கம் என்றால் யாரோ இல்லை தோழிகளே. நான்தான். நீங்கள்தான்.

எங்கள் பெரம்பலூர் பக்கத்தில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் இருக்கிறது. திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். மதுரையை எரித்த கண்ணகி இங்கே வந்துதான் சாந்தமானாள் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். சின்ன வயசிலிருந்து மாவிளக்குப் போட்டுக் கும்பிட்ட தெய்வம். அந்தப் பெண்ணுக்கு அப்படி ஆன பிறகு ஒருநாள் சந்நிதியில் நின்றபோது எனக்குச் சுரீர் என்றது. கண்ணகி எதற்காக நியாயம் கேட்டாள்? தன் புருஷனைக் கள்வன் என்று ஊர் சொன்னதற்காக. விசாரிக்காமல் ஒரு பழியைச் சுமத்தியதற்காக. ஒரு ஆண்பிள்ளையின் பெயர் கெட்டதற்கு ஒரு ஊரே எரிந்தது என்று சொல்லிக் கும்பிடுகிறோம். ஒரு பெண்பிள்ளையின் பெயர் கெட்டால் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்து வைக்கிறோமே, இது என்ன பக்தி?

சட்டம்கூட ரொம்ப காலம் இப்படித்தான் இருந்தது. 1872-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சாட்சியச் சட்டத்தில், பலாத்காரத்துக்கு ஆளான பெண் புகார் கொடுத்தால், "இவள் பொதுவாகவே நடத்தை சரியில்லாதவள்" என்று எதிராளி கோர்ட்டில் காட்டிக்கொள்ள இடம் இருந்தது. அதை எடுத்தது 2003-ல். நூற்று முப்பது வருஷம்! 2023-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு கையேடு வெளியிட்டது. 'கற்புள்ள பெண்', 'கெட்டுப் போன பெண்' என்றெல்லாம் இனி எழுதாதீர்கள், வெறுமனே 'பெண்' என்று எழுதுங்கள் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். கோர்ட்டே மாறிவிட்டது. நம் திண்ணை மாற வேண்டாமா?

இதைப் படிக்கும் சிலர் கேட்பீர்கள். "ஏங்க, பொண்ணு எடுக்கறவங்க விசாரிக்காம எப்படி எடுப்பாங்க? நீங்க பொய் சொல்லச் சொல்றீங்களா?" நியாயமான கேள்விதான். எனக்கும் ஒரு மகன் இருக்கிறான், மகள் இருக்கிறாள். விசாரிக்காமல் கல்யாணம் செய்யவில்லை. விசாரிக்க வேண்டியதுதான். கடன் உண்டா, குடி உண்டா, கை நீட்டும் பழக்கம் உண்டா, வேலை நிஜம்தானா, பெற்றவர்களை எப்படி வைத்துக்கொள்கிறார்கள், எல்லாம் கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருவராவது என் திண்ணைக்கு வந்து, "பையன் ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவான்?" என்று கேட்டதுண்டா? இல்லை. பத்தரை மணி என்பது பெண்ணுக்கு மட்டும்தான் நேரம் போலிருக்கிறது!

பொய் சொல்லச் சொல்லவில்லை. நான் எனக்கென்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வேன். காதால் கேட்டதைச் சொல்ல மாட்டேன். உண்மை தெரிந்தால் "தெரியாது" என்று சொல்ல மாட்டேன். நிஜமாகவே தெரியாவிட்டால் "தெரியாது" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். முன்னாலும் பின்னாலும் "ஆனா" சேர்க்க மாட்டேன். ஒரு இழுப்பு, ஒரு பெருமூச்சு, ஒரு உதட்டுப் பிதுக்கல், இதெல்லாம் வாய் திறந்து சொல்லும் பழியைவிட மோசம். சொன்ன பழிக்காவது பதில் சொல்லலாம். பெருமூச்சுக்கு என்ன பதில் சொல்வது?

இப்போது திண்ணை போய் செல்போன் வந்துவிட்டது. திருவிழாவில் எடுத்த ஒரு போட்டோ போதும். பக்கத்தில் யாரோ ஒரு பையன் நின்றால் போதும். "இது யாரு தெரியுதா?" என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தி போடுவாள். ராத்திரிக்குள் ஊர் பூராவும் போய்விடும். அனுப்பிய விரலுக்குச் சொந்தக்காரி, "நான் ஒண்ணும் சொல்லலையே, போட்டோ போட்டேன், அவ்வளவுதான்" என்பாள். என் "தெரியாதுங்க" மாதிரியேதான்! அப்படி எதுவும் வந்தால் அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள், அழித்துவிடுங்கள். படத்தை வைத்து யாராவது ஒரு பெண்ணை மிரட்டினால், அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள். 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது, சைபர் குற்றத்துக்கு 1930 இருக்கிறது. கூட உட்கார்ந்து போன் போட்டுக் கொடுங்கள். முதலில் திறக்க வேண்டியது நம் வீட்டுக் கதவு.

இனி அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். அவளுக்கு 34 வயசில்தான் கல்யாணம் ஆனது. மனைவியை இழந்த, குழந்தை உள்ள ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போனாள். அந்த மனுஷர் நல்லவர் என்பது அவள் அதிர்ஷ்டம், ஊர் செய்த புண்ணியம் அல்ல. இப்போது பெரம்பலூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் மனசு கேட்காமல் தேடிக்கொண்டு போனேன். நடந்ததைச் சொல்லி, "மன்னிச்சிடும்மா, எனக்கு அன்னைக்கே உண்மை தெரியும்" என்றேன்.

சினிமாவாக இருந்தால் கட்டிப்பிடித்து அழுதிருப்பாள். இவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, நீங்க ஒண்ணுமே சொல்லாம இருந்திருந்தாலும் பரவாயில்லை. தெரிஞ்சும் தெரியாதுன்னீங்களே, அதைத்தான் நெனைச்சு நெனைச்சு அழுதேன். கத்தினவங்க எல்லாரையும் மறந்துட்டேன்" என்றாள். பிறகு, "உக்காருங்க, டீ சொல்றேன்" என்றாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியமும் இல்லை. டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

போன மாசம் விசாரிக்க வந்த இருவரிடம் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். "மூணாவது வீட்டுப் பொண்ணை அஞ்சு வயசிலேர்ந்து பாக்கறேன். வேலைக்குப் போகுது. சில நாள் ராத்திரி லேட்டாவும் வரும். பஸ் கிடைக்க வேணாமா? எனக்கு உடம்பு முடியாம இருந்தப்போ ரெண்டு நாள் ராத்திரி என்கூடவே படுத்துப் பாத்துக்கிச்சு. நான் கண்ணால கண்டது இதுதான்" என்றேன். பிறகு, "உங்க பையன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாருங்க?" என்று கேட்டேன். இருவரும் சிரித்துவிட்டார்கள். ஒரு அம்மாள் மட்டும் சிரித்து முடித்துவிட்டு, "அதையும் கேக்க வேண்டியதுதான்" என்றார்.

கல்யாணம் கூடுமா கூடாதா என்பது அவர்கள் பாடு. என் வாயால் கெடாது, அவ்வளவுதான். உங்கள் வாசலுக்கும் நாளைக்கு யாராவது வருவார்கள் சகோதரிகளே. பதில் சொல்வதற்கு முன்னால், நம் பெண்ணைப் பற்றி எந்த வாசலில் யார் என்ன சொல்லிக்கொண்டிருப்பார்களோ என்று ஒரு நிமிஷம் யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
அரியலூர்.